கறள் பிடித்த போல்ட்டும் ஒரு இரவுப் பொறுமையும்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டங்களில் எமது தகவல் தொடர்பு அலுவலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வாசிக்கத் தெரிந்தவர்கள் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.)



காணி துப்புரவாக்குவது பற்றியும் கிணறு இறைப்பது பற்றியும் முந்திய கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் கதைக்க வந்த விடயம் மிகச் சின்னது. கறள் பிடித்து இறுகிப்போன ஒரு போல்ட்டை முறிக்காமல் எப்படிக் கழற்றுவது என்பதுதான் அது. போன கூட்டத்தில் ஒரு ஐயா, "இதுக்கும் ஒரு கூட்டமோ பிள்ளை?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அவருக்கு என் வீட்டுக் கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் கலைப்பட்டதாரி. படித்தது தமிழும் வரலாறும். ஸ்பனர் பிடித்து வளர்ந்தவள் இல்லை. நாங்களும் உங்களைப் போல இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பிறகு ஊருக்குத் திரும்பியவர்கள்தான். வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. ஆனால் அப்பாவின் இரண்டு அங்குல மண்ணெண்ணெய் நீர்ப்பம்பி மட்டும் பின்வளவில் பற்றைக்குள் கிடந்தது. அதைக் கண்டதும் அம்மா அழுதுவிட்டா. அந்தப் பம்பியை வைத்துத்தான் அப்பா வெங்காயமும் மிளகாயும் செய்து எங்களைப் படிப்பித்தவர்.

நானும் தம்பியும் அன்றைக்கே அதைக் கழற்ற வெளிக்கிட்டோம். போல்ட் அசையவில்லை. ஸ்பனரின் பிடியில் நீளமான இரும்புக் குழாயைக் கொழுவி இரண்டு பேருமாகத் தொங்கினோம். முதல் போல்ட் தலையோடு முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. மூன்றாவதுக்குத் தம்பி பெரிய சுத்தியலால் அடித்தான். பம்பியின் வார்ப்பிரும்பு உடம்பே வெடித்துப் போனது. பின்னேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பழைய இரும்பு வாங்குபவர் வந்து நிறுத்து எடுத்துக்கொண்டு போனார். அந்தப் போகம் முழுக்க மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குப் பம்பி பிடித்துத்தான் தண்ணீர் இறைத்தோம்.

பிறகு, பல வருசம் கராஜ் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது இதுதான்: "பிள்ளை, அது இறுகிறதுக்கு எத்தனை வருசம் எடுத்தது? கழற்றுறதுக்கு ஒரு நாள் காணும் எண்டு நினைச்சனீங்களோ?" இன்றைக்கு நான் சொல்லப்போகும் வேலைமுறை அவரிடமும் அவரைப் போன்ற வேறு மெக்கானிக்மாரிடமும் கேட்டுப் பழகியது.

வேலைக்குள் இறங்க முன்னர் ஒரு விடயம். இதை மறந்தால் மற்றது எதுவும் தேவையில்லை. உங்கள் வளவில் கிடக்கும் கறள் பிடித்த இரும்பு எல்லாம் உங்களுடைய இரும்பு இல்லை. இது என்னுடைய பம்பி, இது எங்கள் வீட்டுச் சைக்கிள் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த பொருளை மட்டும் தொடுங்கள். தெரியாத குழாய், உருண்டை, மூடி போட்ட தகரம், வால் போல் தகடு உள்ள இரும்பு எதையும் தூக்க வேண்டாம், தட்ட வேண்டாம், எண்ணெய் விட்டுத் திறந்து பார்க்க வேண்டாம். கறள் பிடித்ததால் வெடிபொருள் செத்துப்போகாது. பழுதான வெடிபொருள் இன்னும் ஆபத்தானது. கண்டால் அப்படியே நில்லுங்கள். வந்த அடித்தடத்திலேயே திரும்பிப் போங்கள். மற்றவர்கள் கிட்டப் போகாமல் தூரத்தில் ஓர் அடையாளம் வையுங்கள். கிராம அலுவலருக்கோ, கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ, 119 என்ற இலக்கத்தில் பொலிஸாருக்கோ அறிவியுங்கள். உங்கள் பம்பியே பற்றைக்குள் கிடந்தாலும், அந்த இடம் துப்புரவாக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே கிட்டப் போங்கள். பழைய இரும்பு பொறுக்க எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

இனி போல்ட்டுக்கு வருவோம்.

இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் கறள் வரும். உப்புக்காற்று அதை விரைவாக்கும். முல்லைத்தீவுக் கரையிலோ வடமராட்சி கிழக்கிலோ இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கறள் தான் தின்ற இரும்பைவிடக் கூடிய இடத்தைப் பிடிக்கும். போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளிதான் உண்டு. அந்த இடைவெளிக்குள் கறள் பருத்து, ஆப்பு அடித்தது போல இறுக்கிவிடும். நீங்கள் பலத்தோடு திருப்பும்போது மரை கழல முன்னர் போல்ட்டின் கழுத்து முறிவது இதனால்தான்.

அந்த இடைவெளிக்குள் எண்ணெய் ஊற வேண்டும். விளக்குத் திரியை நினைத்துப் பாருங்கள். யாரும் தள்ளாமலே எண்ணெய் திரி வழியே மேலே ஏறுகிறது. அதேபோல மெல்லிய எண்ணெய் ஒடுக்கமான இடைவெளிக்குள் தானாக இழுபட்டுப் போகும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். எண்ணெய் எவ்வளவுக்கு மெல்லியதோ அவ்வளவுக்கு உள்ளே போகும். அதனால் கிரீஸ் இந்த வேலைக்கு உதவாது, அது வெளியிலேயே நிற்கும். தேங்காய் எண்ணெயும் அவ்வளவு சரிவராது. அது தடிப்பானது, நாள் போகப் பிசினாகிவிடும். எஞ்சினில் இருந்து வடித்த கழிவு ஒயிலும் தடிப்பானது, அழுக்கும் கூட.

கடையில் இதற்கென்றே ஸ்பிரே தகரங்கள் விற்கிறார்கள். அதில் பலருக்கும் தெரிந்தது டபிள்யூ டி 40. அது 1953 இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உருவானது. ரொக்கட்டின் உலோக உடம்பில் ஈரம் பட்டுக் கறள் பிடிக்காமல் காப்பதற்காகத்தான் முதலில் செய்தார்கள். நீரை விலக்கும் எண்ணெய், நாற்பதாவது முயற்சியில் சரிவந்தது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அதைச் செய்தவர்களே நாற்பது தரம் முயன்றிருக்கிறார்கள். நாங்கள் ஒரு போல்ட்டுக்கு நான்கு தரம் எண்ணெய் விடலாம்தானே.

ஸ்பிரே வாங்க வசதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மூன்று பங்கு மண்ணெண்ணெயில் ஒரு பங்கு புதிய எஞ்சின் ஒயில் கலந்தால் வேலைக்கு நன்றாகவே காணும். மண்ணெண்ணெய் வழி திறந்து உள்ளே போகும், ஒயில் அங்கே நின்று வழுக்கிக் கொடுக்கும். டீசலும் பாவிக்கலாம். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஆட்கள் நாங்கள். மண்ணெண்ணெயால் என்னென்ன செய்யலாம் என்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

முதலாவது, துப்புரவு. தாங்கியில் பழைய எரிபொருள் இருந்தால் வடித்துவிடுங்கள். மண்ணையும் கறள் பொருக்கையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். போல்ட்டின் நுனியில் மரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். பொருக்கின் மேல் விடும் எண்ணெய் பொருக்குக்குத்தான் போகும், மரைக்குப் போகாது.

இரண்டாவது, எண்ணெய். நட்டு இருக்கும் பக்கமும் போல்ட்டின் தலைப் பக்கமும் சில துளி விடுங்கள். முடிந்தால் போல்ட் நிமிர்ந்து நிற்கும்படி பொருளைச் சரித்து வையுங்கள். எண்ணெய் வழிந்து போகிற இடமென்றால் எண்ணெயில் தோய்த்த துணித்துண்டைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

மூன்றாவது, தட்டுதல். சின்னச் சுத்தியலால் போல்ட்டின் தலையில் நேராக, மெதுவாக, இருபது முப்பது தரம் தட்டுங்கள். கதவில் தட்டுவது போல இருந்தால் போதும். அந்த அதிர்வில் கறள் வெடித்து எண்ணெய்க்கு வழி விடும். போல்ட்டைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பில் அடிக்கவே வேண்டாம். என் தம்பி விட்ட பிழை அதுதான்.

நான்காவது, விட்டுவிடுங்கள். ஒரு இரவு அப்படியே இருக்கட்டும். காலையில் மறுபடியும் எண்ணெய், மறுபடியும் தட்டல். பின்னேரமும் அப்படியே. கடுமையாக இறுகியதென்றால் மூன்று நான்கு நாள் இப்படிச் செய்யுங்கள். அந்த நாட்களில் உங்களுக்கு வேறு வேலை நிறைய இருக்கும். காணி துப்புரவாக்குங்கள், வேலி அடையுங்கள். எண்ணெய் தன் வேலையைச் செய்யட்டும்.

ஐந்தாவது, சரியான ஸ்பனர். போல்ட்டின் தலையை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் ரிங் ஸ்பனர்தான் நல்லது. வாயை அகலமாக்கி ஒடுக்கும் ஸ்பனரும் குறடும் தலையின் மூலைகளை உருட்டிவிடும். பிறகு எந்த ஸ்பனரும் பிடிக்காது. உங்களிடம் இல்லாவிட்டால் அயலில் கேளுங்கள். 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 ஆம் இலக்க ஸ்பனர், 8 க்கு 12 அல்லது 13, 10 க்கு 14 அல்லது 17 பொருந்தும். ஸ்பனரைப் போட்டு ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது சரியான அளவு இல்லை.

ஆறாவது, திருப்புதல். முதலில் இறுக்கும் பக்கம் மிகச் சிறிதளவு அழுத்திப் பாருங்கள். கறளின் பிடி விட அது உதவும். பிறகு கழற்றும் பக்கம், அதாவது மணிக்கூட்டு முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள். கொஞ்சம் அசைந்தால் சந்தோசத்தில் ஒரேயடியாகச் சுற்ற வேண்டாம். கால் சுற்றுக் கழற்றுங்கள், திரும்ப அரைக்கால் சுற்று இறுக்குங்கள், எண்ணெய் விடுங்கள், மறுபடி கழற்றுங்கள். இப்படி முன்னும் பின்னும் போனால் உடைந்த கறள் தூள் வெளியே வரும். இல்லாவிட்டால் பாதி வழியில் மறுபடியும் இறுகிவிடும். ஸ்பனர் இறப்பர் போல வளைந்து கொடுப்பது மாதிரிக் கையில் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். போல்ட் முறுகுகிறது, முறியப் போகிறது என்பதற்கு அது அடையாளம். திரும்பவும் எண்ணெய்க்குப் போங்கள்.

இதற்கும் அசையாவிட்டால் கராஜில் நெருப்புக் காட்டிக் கழற்றுவார்கள். சூட்டில் நட்டு விரிந்து பிடி விடும். அந்த வேலையைப் பழகியவரிடமே விடுங்கள். எண்ணெய் விட்ட பொருளுக்கு வீட்டில் நெருப்புக் காட்டுவது பெரிய ஆபத்து. எரிபொருள் தாங்கிக்குக் கிட்ட எந்தக் காரணத்துக்காகவும் நெருப்பு வேண்டாம், தாங்கி வெறுமையாக இருந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். கடைசி வழியாக நட்டை இரும்பு வாளால் அரிந்து எடுக்கலாம். ஒரு நட்டும் போல்ட்டும் போனால் கடையில் வாங்கலாம். பம்பியின் உடம்பு போனால் வாங்குவது கஷ்டம்.

சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சைக்கிளின் இடது பக்க மிதியின் மரை எதிர்ப்பக்கம் வெட்டியது. வலது மிதியைக் கழற்றுவது போல அதைத் திருப்பினால் இன்னும் இறுகும். எத்தனையோ பேர் இது தெரியாமல் பலத்தைப் போட்டு மரையை அழித்திருக்கிறார்கள். ஞாபகம் வைக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஸ்பனரின் பிடி மேலே நிற்கும்படி போட்டு, பிடியைச் சைக்கிளின் பின்சில்லுப் பக்கம் தள்ளுங்கள். இரண்டு மிதிக்கும் கழற்றும் பக்கம் அதுதான். எண்ணெய் விடும்போது பிறேக் கட்டையிலும் றிம்மிலும் படாமல் பாருங்கள். பட்டால் பிறேக் பிடிக்காது.

பம்பியின் கயிற்றை இழுத்தால் எஞ்சின் சுற்றவே இல்லையா? உள்ளே பிஸ்டன் இறுகியிருக்கலாம். பிளக்கின் அடியிலும் எண்ணெய் விட்டு ஊறவிட்டுப் பொறுமையாகக் கழற்றுங்கள். அந்தத் துவாரத்துக்குள் அதே எண்ணெய்க் கலவையை இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஊற்றி, துணியால் அடைத்து, இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு சுழல்சில்லைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். பிஸ்டனை அடிக்க வேண்டாம். சுற்றத் தொடங்கிய பிறகு, பிளக்கைப் பூட்ட முன்னர் துணியை எடுத்துவிட்டுச் சில தரம் கயிற்றை இழுங்கள். உள்ளே நிற்கும் எண்ணெய் பீறிட்டு வெளியே வரும், முகத்தைக் கிட்ட வைக்க வேண்டாம். எண்ணெய் உள்ளே நிற்கப் பிளக்கைப் பூட்டி இழுத்தால் எஞ்சின் பழுதாகும். மண்ணெண்ணெய் கீழே எஞ்சின் ஒயிலோடும் கலந்திருக்கும். அந்த ஒயிலை வடித்துப் புதிது விட்ட பிறகே ஸ்டார்ட் பண்ணுங்கள்.

உடம்புக்கும் வீட்டுக்கும் உள்ள பாதுகாப்பைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

தட்டும்போதும் பிரஷ் போடும்போதும் கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். கறள் துகள் கண்ணில் விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கையில் வெட்டுப்பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏற்பு ஊசி போட்டு எத்தனை காலம் என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். ஏற்புவலி கறளால் வருவது இல்லை. மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமியால் வருவது. எங்கள் பழைய இரும்பெல்லாம் மண்ணுக்குள்தானே கிடந்தது.

மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம். பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள், அது நெஞ்சுக்குள் போய் இன்னும் ஆபத்தாகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எண்ணெய் வேலையைக் கிணற்றடியில் செய்ய வேண்டாம். இறைத்துச் சுத்தமாக்கிய கிணற்றில் ஒரு கோப்பை மண்ணெண்ணெய் விழுந்தாலே தண்ணீர் குடிக்க முடியாமல் போகும். அடுப்படிக்குக் கிட்டவும் வேண்டாம். வேலை செய்கிற இடத்தில் பீடி, சிகரெட் பற்ற வேண்டாம்.

கழற்றிய பிறகு செய்வதும் முக்கியம். மரையைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் பூசிப் பூட்டுங்கள். உள்ளே போகாத கிரீஸ், பூசிய இடத்தில் நின்று ஈரத்தைத் தடுக்கும். அடுத்த தரம் கழற்ற இத்தனை நாள் எடுக்காது. கதவுப் பிணைச்சல், கிணற்றுக் கப்பி, மண்வெட்டி, லேண்ட் மாஸ்டரின் கலப்பை எல்லாவற்றுக்கும் மழைக்கு முன்னர் ஒரு தரம் எண்ணெய் காட்டுங்கள்.

ஒரு கிராமத்தில் ஒரு அம்மா. கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். அவவின் பம்பியும் இறுகித்தான் கிடந்தது. இரும்புக்காரர் இரண்டு தரம் வந்து விலை கேட்டுவிட்டார். "ஆம்பிளை இல்லாத வீடு, இதைக் கழற்ற எங்களிட்ட பலம் இல்லைப் பிள்ளை" என்று என்னிடம் சொன்னா. இது பலத்தாலே செய்கிற வேலை இல்லை அம்மா, நாங்கள் பலத்தைப் போட்டுத்தான் எங்களுடையதை முறித்தோம் என்றேன். மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போக முன்னர் ஒரு தரமும், வந்த பிறகு ஒரு தரமும் எண்ணெய் விட்டுத் தட்டினாள். ஐந்தாம் நாள் காலையில் தாய் ஸ்பனரைப் போட்டுத் திருப்ப, ஒரு கிறீச் சத்தத்தோடு போல்ட் அசைந்தது. எல்லாம் சரியாகிவிடவில்லை. வாசர்களும் பிளக்கும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது, ஒரு போல்ட்டை அரிந்துதான் எடுத்தார்கள். ஆனால் பெரும்போக மழை முடிந்த கையோடு அந்தப் பம்பி கச்சானுக்குத் தண்ணீர் இறைத்தது.

அதனால், நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஊருக்குத் திரும்பிய முதல் கிழமையில் எதையும் இரும்பு விலைக்கு விற்றுவிடாதீர்கள். உங்களுடையது என்று நிச்சயமாகத் தெரிந்ததை எடுத்து ஒரு பக்கமாக வையுங்கள். எண்ணெய் விடுங்கள். ஒரு கிழமை பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் அப்போது விற்கலாம், இரும்புக்காரர் எப்படியும் திரும்ப வருவார்.

ஸ்பனர் இல்லாதவர்கள், கண் கண்ணாடி இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து சொல்லுங்கள். அயலில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு ஒழுங்குபடுத்தலாம். பழைய கராஜ் வேலை தெரிந்த ஐயாமார் இங்கே இருந்தால் கையை உயர்த்துங்கள். என்னைவிட உங்களுக்குத்தான் இது கூடத் தெரியும். பக்கத்து வீட்டுப் பம்பியை ஒருக்கால் போய்ப் பாருங்கள்.